குதிரைத்திறன் கணக்கின் பிழை: பிக்கப் டிரக்கும் டிராக் ரேடியல் டயரும்

டிராக் ரேடியல் என்பது நேர்கோட்டுப் பந்தயத்தில் புறப்படும்போது வேண்டிய பிடிப்புக்காக மென்மையான ரப்பரில் செய்யப்பட்டு, பொதுச்சாலையில் ஓடுவதற்கான குறியும் பெற்ற ரேடியல் டயர். அமெரிக்காவில் மிக்கி தாம்சன், நிட்டோ, ஹூசியர் முதலிய நிறுவனங்கள் இதைப் பல அளவுகளில் விற்கின்றன. மஸ்டாங், கமாரோ போன்ற கார்களில் பெயர் பெற்ற இந்த டயர், இன்று சூப்பர்சார்ஜர் பொருத்திய ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ, ராம் போன்ற பிக்கப் டிரக்குகளின் பின்சக்கரங்களிலும் ஏறியிருக்கிறது. வார நாள்களில் வேலைக்குப் போய்வந்து, வார இறுதியில் கால் மைல் பந்தயத் தடத்தில் நிற்கும் வண்டிகள் இவை.

இந்த வண்டிகளுக்கு டயர் வாங்குவதில் ஒரு கருத்து ஏறக்குறைய விதியாகவே நிலைத்துவிட்டது. எஞ்சினின் சக்தி எவ்வளவோ அதற்கேற்ப டயரின் அகலமும் இருக்க வேண்டும். சக்தி கூடினால் அடுத்த அகலத்துக்குப் போக வேண்டும். சக்கர வளைவுக்குள் நுழையக்கூடிய மிக அகலமான, மிக மென்மையான டயரே மிகச் சிறந்தது என்பது அது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கருத்து இயற்பியலின்படி தவறு, சாலையில் ஆபத்தும்கூட. டயரைத் தீர்மானிக்க வேண்டியது பின் அச்சின்மேல் இருக்கும் எடை. குதிரைத்திறன் அந்தக் கணக்கின் கடைசியில்தான் வருகிறது.

டயர் சந்திக்கும் விசை

சாலையைத் தள்ளி வண்டியை முன்னே செலுத்தும் விசைக்கு ஓர் உச்சம் உண்டு. டயரின் மேல் அழுத்தும் எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருவது அந்த உச்சம். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் சுழலும், ரப்பர் கரியும், புகை எழும். சாலைக்குப் போய்ச்சேரும் விசை மட்டும் கூடாது. ஆகவே புறப்பாட்டு நொடியில் 500 குதிரைத்திறன் வண்டியின் டயரும் 900 குதிரைத்திறன் வண்டியின் டயரும் சந்திக்கும் உச்ச விசை, எடையும் பிடிப்பும் ஒன்றாக இருந்தால், ஒன்றேதான்.

ஒரு மாதிரிக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒற்றைக் கேபினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஒரு டிரக்கின் எடை 2,200 கிலோ என்க. பின்னால் உள்ள சுமைத் தொட்டி வெறுமையாக நிற்கையில் அதில் 42 சதவீதம், அதாவது 924 கிலோ, பின் அச்சில் இருக்கிறது. அச்சுகளுக்கு இடையிலான தூரம் 3.1 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.7 மீட்டர். வண்டி சீறிப் புறப்படும்போது எடையின் ஒரு பகுதி பின்னுக்குப் பெயர்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உராய்வுக் குணகம் 0.9 ஆக உள்ள சாதாரணச் சாலை டயர் 0.47 ஜி முடுக்கத்தைத் தரும். குணகம் 1.2 ஆனால் 0.69 ஜி. 1.5 ஆனால் 0.95 ஜி. இந்த மூன்று விடைகளில் எதிலும் எஞ்சினின் சக்தி எங்கேயும் வரவில்லை.

சக்தி வரும் இடம் வேறு. 0.69 ஜி முடுக்கத்துக்கு இந்த டிரக்கின் டயர்கள் சுமார் 14.9 கிலோநியூட்டன் விசையைக் கடத்த வேண்டும். சக்கரத்தில் 600 குதிரைத்திறன் இருந்தால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்க்கையில், மணிக்குச் சுமார் 108 கிலோமீட்டர் வரை எஞ்சின் டயரை வென்றுவிட முடியும். 800 குதிரைத்திறன் இருந்தால் அந்த எல்லை 144 கிலோமீட்டருக்கு நகரும். கூடுதலாகச் சேர்த்த 200 குதிரைத்திறன் டயரிடம் அதிக விசையைக் கேட்கவில்லை. டயர் தன் எல்லையில் நிற்க வேண்டிய வேக வரம்பை மட்டும் நீட்டியிருக்கிறது. அந்த வரம்பில் வேலை செய்ய வேண்டியது ஓட்டுநரின் கால், கியருக்கு ஏற்ப பூஸ்ட் அழுத்தத்தைக் குறைக்கும் எஞ்சின் கட்டுப்பாடு, டிராக்ஷன் கன்ட்ரோல் ஆகியவை. டயரின் அகலத்தைக் கூட்டி அந்த வேலையைச் செய்ய முடியாது.

எடை என்ன செய்யும் என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். பின் அச்சுக்கு நேர் மேலே 100 கிலோவை உறுதியாகப் பிணைத்தால் வண்டியின் எடை 2,300 கிலோ ஆகும். பின் அச்சின் பங்கு 44.5 சதவீதமாக உயரும். குணகம் அதே 1.2 ஆக இருந்தும் முடுக்கம் 0.69-இலிருந்து 0.73 ஜி ஆகிறது. வண்டி கனத்த பிறகும் புறப்பாடு கூர்மையாகிறது. பேட்டரியைப் பின்னுக்கு மாற்றினால் எடை கூடாமலே இதில் ஒரு பங்கு கிடைக்கும். டிரக்கின் குறை முன்பக்கம் கனத்து, வெறும் தொட்டியோடு பின்பக்கம் எழும்பி நிற்பது. அந்தக் குறையை விட்டுவிட்டு ரப்பரை மட்டும் அகலமாக்குவது வீண் செலவு.

அகலம் தருவதும் தராததும்

டயர் தரையைத் தொடும் பரப்பு, முதல் தோராயத்தில், அதன் மேலுள்ள எடையை உள்ளிருக்கும் காற்று அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. மேற்சொன்ன டிரக்கின் ஒரு பின்சக்கரத்தில் 462 கிலோ நிற்கிறது. 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது சுமார் 183 சதுர சென்டிமீட்டர் தருகிறது, 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினால் கணக்குப்படி இருமடங்கு. டயரின் உடலே கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையில் சற்றுக் குறையும். இந்தக் கணக்கில் அகலம் இல்லை. 275 மி.மீ. டயரும் 325 மி.மீ. டயரும் ஒரே அழுத்தத்தில் ஏறத்தாழ ஒரே பரப்பைத் தொடும். முன்னது நீண்டு ஒடுங்கியும் பின்னது குறுகி அகன்றும் தொடும்.

அகலத்தால் பயனே இல்லை என்பது வாதம் ஆகாது. ரப்பரின் உராய்வு பள்ளிப் பாடத்து விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. அழுத்தம் பரவலாக விழும்போது குணகம் சற்று உயரும். அகலமான டயரில் வெப்பமும் பரவும். அதே எடையைக் குறைந்த காற்றில் தாங்கவும் இடம் கிடைக்கும். ஆனால் இந்தப் பயன் நிபந்தனையோடு வருவது. 305 மி.மீ. டயருக்குப் பொதுவாக 10 அல்லது 11 அங்குல அகல ரிம் வேண்டும். பல எஃப்-150 டிரக்குகள் தொழிற்சாலையிலிருந்து 7.5 அங்குல ரிம்மோடு வருகின்றன. அகன்ற டயரை ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் அதன் நடுப்பகுதி புடைத்து, எடை முழுவதும் நடுவில் விழும். ஓரங்கள் தரையில் பட்டும்படாமல் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் பாதி வேலைக்கு வராது.

பந்தயத் தடமே இந்தக் கருத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அமெரிக்க ரேடியல் பந்தயங்களில் எக்ஸ்275 என்ற பிரிவு 275 மி.மீ. அகல டிராக் ரேடியலையே தன் பெயராகக் கொண்டது. அந்த டயரில் ஓடும் கார்கள் எட்டில் ஒரு மைலை நாலரை விநாடிக்கும் குறைவாகக் கடக்கின்றன. சாலை டிரக் எதுவும் கனவு காண முடியாத சக்தி அந்த எஞ்சின்களில் இருக்கிறது. எடைப் பெயர்ச்சி, சஸ்பென்ஷன், காற்று அழுத்தம், சக்தியை விநாடிக்கு விநாடி அளந்து விடும் கட்டுப்பாடு ஆகியவை சேர்ந்து அந்த அகலத்தைப் போதுமானதாக்குகின்றன. பிசின் தெளித்து ரப்பர் படியவிட்ட தடத்தில் நடப்பது சாலையில் நடக்காது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை அகலக் கட்சிக்கு உதவாது. தயார் செய்யாத சாலையில், குளிர்ந்த டயரில், குணகம் 1.5-ஐ எட்ட வழியே இல்லை. அங்கே மென்மையும் அகலமும் தரும் ஆதாயம் தடத்தில் தருவதைவிடச் சிறியது.

இரண்டு டிரக்குகளின் சான்று

டிரக்குகளின் வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. 1991-இல் வந்த ஜி.எம்.சி. சைக்ளோன் 4.3 லிட்டர் வி6 டர்போ எஞ்சினிலிருந்து 280 குதிரைத்திறன் தந்தது. சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போனது. டயர்கள் 245 மி.மீ. அகலம் மட்டுமே. அவ்வாண்டு கார் அண்ட் டிரைவர் இதழ் நடத்திய கால் மைல் ஓட்டத்தில் அது ஃபெராரி 348-ஐ முந்தியது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அதற்குச் சுமார் 5.3 விநாடி போதுமாக இருந்தது.

2004-இல் வந்த டாட்ஜ் ராம் எஸ்.ஆர்.டி-10 டிரக்கில் வைப்பர் காரின் 8.3 லிட்டர் வி10 எஞ்சின் இருந்தது. 500 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், 305 மி.மீ. அகல டயர்கள். அதே 60 மைலை எட்ட அதற்குச் சுமார் 5 விநாடி ஆனது. எடைக்கு விகிதமாகப் பார்த்தால் ராமின் சக்தி ஏறத்தாழ கால் பங்கு அதிகம். டயரும் 60 மி.மீ. அகலம் அதிகம். இருந்தும் புறப்பாட்டில் கிடைத்த ஆதாயம் மிகச் சிறியது. சைக்ளோன் தன் எடை முழுவதையும் பிடிப்பாக மாற்றியது. ராம் பின் அச்சில் விழுந்த பங்கை மட்டுமே மாற்ற முடிந்தது. சக்தி தன் பலத்தைக் காட்டியது உச்ச வேகத்தில்தான்: ராம் மணிக்கு 154 மைலைத் தாண்டி, விற்பனை டிரக்குகளில் மிக வேகமானது என்ற பெயரை 2004-இல் பெற்றது.

சுமை வரம்பு

டிராக் ரேடியல்களில் பெரும்பாலானவை கார்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கார் டயரை டிரக்கில் பொருத்தும்போது அதன் சுமைத் திறனை 1.1-ஆல் வகுத்தே கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி. பக்கச்சுவரில் 104 என்ற சுமைக் குறியீடு இருந்தால் அந்த டயர் 900 கிலோ தாங்கும். டிரக்கில் அது 818 கிலோ. இரண்டு டயருக்கு 1,636 கிலோ. அரை டன் வகை டிரக்குகள் பலவற்றின் பின் அச்சு வரம்பு 1,700 கிலோவுக்கு மேல். அதாவது தொட்டியில் முழுச் சுமை ஏற்றினால் அச்சு தாங்கும், டயர் தாங்காது.

இதுவும் முழு அழுத்தத்தில் உள்ள கணக்கு. சுமைக் குறியீடு சொல்லும் எடை 35, 36 பி.எஸ்.ஐ. அளவில் காற்று நிரப்பினால்தான் பொருந்தும். தடத்தில் 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கிய டயரோடு வீடு திரும்புகிறவர், வழியில் மரப்பலகையோ மோட்டார் சைக்கிளோ ஏற்றினால், பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடியும். மடியும் ரப்பர் சூடாகும். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தச் சூடு அடுக்குகளைப் பிரிக்கும். பின்னால் டிரெய்லர் இழுத்தால் மென்மையான பக்கச்சுவர் வண்டியை ஆட வைக்கும். அகலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் சுமைக் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பது இந்த விவாதத்தின் பெரும் பொறுப்பின்மை. டிரக்கை டிரக் ஆக்குவதே சுமை. சக்தி மிகுந்த காலத்திலும் அந்தக் கடமை அதை விட்டுப் போவதில்லை.

விட்டமும் பக்கச்சுவரும்

அகலத்தைத் துரத்துகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தை இழக்கிறார்கள். எஃப்-150 டிரக்கில் பரவலாக வரும் 275/65ஆர்18 டயரின் விட்டம் சுமார் 815 மி.மீ. டிராக் ரேடியல்களில் கிடைக்கும் 305/45ஆர்18 அளவின் விட்டம் சுமார் 732 மி.மீ. விட்டம் பத்து சதவீதம் சுருங்குகிறது. விளைவுகள் பல. வேகமானி சுமார் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். பின்பக்கம் 41 மி.மீ. தாழும், எஞ்சின் அதே வேகத்துக்கு அதிகம் சுழலும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே எஞ்சின் முறுக்குவிசைக்குச் சாலையில் படும் விசை 11 சதவீதம் கூடும். பிடிப்பு போதவில்லை என்று டயர் மாற்றியவர், பிடிப்பை உடைக்கும் விசையையும் சேர்த்தே கூட்டிக்கொள்கிறார்.

பக்கச்சுவரின் உயரம் புறப்பாட்டில் நேரடியாக உதவும் ஒன்று. உயரமான பக்கச்சுவர் முதல் அதிர்ச்சியை உள்வாங்கி, ஆக்ஸில், டிஃபரன்ஷியல், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றின் மேல் விழும் அடியைத் தணிக்கும். 20, 22 அங்குல ரிம்மில் ஒட்டினாற்போல் நிற்கும் குட்டைப் பக்கச்சுவர் எவ்வளவு அகலமானாலும் இதைச் செய்யாது. பிரேக் அனுமதிக்கும் அளவில் மிகச் சிறிய ரிம், மூல விட்டத்துக்கு மிக நெருங்கிய டயர் உயரம் என்பதே டிரக்குக்குப் பொருந்தும் சேர்க்கை. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி போகும் டிரக்கில் இது விருப்பம் சார்ந்ததாகவும் இல்லை. பின்னால் மட்டும் விட்டம் குறைந்த டிராக் ரேடியல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுழன்று, டிரான்ஸ்ஃபர் கேஸ் தேயும்.

கமான் பட்டை கொண்ட பின் சஸ்பென்ஷனும் இங்கே கணக்கில் வரும். மென்மையான டயர் நன்றாகப் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு, பட்டையை எஸ் வடிவில் வளைத்து, விட்டதும் துள்ளும். அந்தத் துள்ளல் பிடிப்பைக் குலைக்கும், பாகங்களை உடைக்கும். பயஸ் பிளை (குறுக்கிழை) வகையிலான, காடியற்ற ஸ்லிக் டயர் சற்றுச் சுழன்றாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ரேடியல் ஒருமுறை வழுக்கினால் எளிதில் திரும்பாது. ஆகவே அச்சின் முறுக்கலைத் தடுக்கும் டிராக்ஷன் பார் இல்லாத டிரக்கில் இன்னும் அகலமான டிராக் ரேடியல் பயன்தராது.

மழையும் சட்டக் குறியும்

இந்த டயர்களுக்கு ஆதரவாகக் கடைசியாகச் சொல்லப்படுவது சட்டக் குறி. பக்கச்சுவரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டி.ஓ.டி. என்ற எழுத்துகள் இருப்பதால் சாலைக்கு ஏற்றது என்கிறார்கள். அந்த எழுத்துகளின் பொருள், டயர் கூட்டாட்சித் தரத்துக்கு உட்பட்டது என்று அதைச் செய்த நிறுவனமே உறுதி அளிக்கிறது என்பது. விற்பனைக்கு முன் அரசு ஒவ்வொரு டயரையும் சோதித்துத் தரும் சான்று அல்ல அது. குறி பெற்ற சில டயர்களை அவற்றின் நிறுவனங்களே நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று எழுதி விற்கின்றன. தேய்மானத் தர எண் இன்னும் வெளிப்படையானது. டெக்சாஸின் சான் ஆஞ்சலோ அருகே 7,200 மைல் ஓட்டிப் பெறும் அந்த எண், வழக்கமான சாலை டயர்களில் பல நூறாக இருக்கும். டிராக் ரேடியல்களில் அது 100 அல்லது அதற்கும் கீழ், சிலவற்றில் 0.

ஈரச் சாலையில் ஆபத்து கூர்மையாகிறது. 1963-இல் நாசாவின் வால்டர் ஹோர்னும் ராபர்ட் டிரெஹரும் வெளியிட்ட ஆய்வு, தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் காற்று அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு இணைத்தது. நீரை வெளியேற்றக் காடி இல்லாத டயருக்குப் பொருந்தும் அந்தச் சூத்திரப்படி, 36 பி.எஸ்.ஐ.-இல் மிதப்பு மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரில் தொடங்கும், 18 பி.எஸ்.ஐ.-இல் சுமார் 71 கிலோமீட்டரிலேயே. டிராக் ரேடியலின் காடிகள் எண்ணிக்கையிலும் ஆழத்திலும் குறைவு. அகலமான டயர் தன் முன்னே அதிக நீரை ஒதுக்க வேண்டும். வெறும் தொட்டியோடு போகும் டிரக்கின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசானது. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் சேர்வது, புயல் மழையில் நெடுஞ்சாலையில் வீடு திரும்பும் சாதாரண மாலையில்தான். அங்கே வழுக்கும் இரண்டு டன் வண்டி தன் உரிமையாளரை மட்டும் பாதிப்பதில்லை. பக்கத்துத் தடத்தில் குழந்தைகளோடு போகிறவரையும் பாதிக்கும். இதைப் பொருட்படுத்தாத எந்த டயர் அறிவுரையும் அறிவுரை என்ற பெயருக்குத் தகாது.

குளிரும் அப்படியே. மென்மையான பந்தய ரப்பர் உறைநிலையை நெருங்கும்போது விறைத்துப் பிடிப்பை இழக்கும். கடும் குளிரில் வெடிக்கவும் கூடும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஆண்டின் பல மாதங்களுக்கு இது பொருந்தும்.

சரியான வரிசை

ஒரே டயர் தடத்துக்கும் சாலைக்கும் போதும், இரண்டு செட் வாங்கக் காசில்லை என்பது நேர்மையான எதிர்வாதம். ஆனால் கணக்கு அதன் பக்கம் இல்லை. விரைவில் தேயும் டிராக் ரேடியலை அன்றாடம் ஓட்டுகிறவர் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் இறுகுவதால், தடத்துக்குப் போவதற்குள் அதன் சிறப்பும் போய்விடும். சாலைக்கு டிரக் தரத்து டயர், தடத்துக்குத் தனி ரிம்மில் டிராக் ரேடியல் என்ற ஏற்பாடு சில ஆண்டுகளில் சிக்கனமாகவே முடியும். ஒரே செட்தான் முடியும் என்றால், காடிகள் உள்ள, சுமைக் குறியீடு உயர்ந்த வகையை எடுத்து, மழையில் வண்டியை வெளியே எடுக்காமல் இருக்க வேண்டும்.

தேர்வின் வரிசை இதிலிருந்து தானே அமைகிறது. முதலில் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தகட்டில் பின் அச்சு வரம்பைப் பார்த்து, 1.1-ஆல் வகுத்த பின்னும் அதைத் தாங்கும் டயர்களை மட்டும் பட்டியலில் வைக்க வேண்டும். அடுத்து மூல விட்டத்துக்கு நெருங்கியவை. நான்கு சக்கர இயக்கம் என்றால் நான்கும் ஒரே சுற்றளவில் கிடைப்பவை. பிறகு, பிரேக் இடம் கொடுக்கும் மிகச் சிறிய ரிம்மும் உயர்ந்த பக்கச்சுவரும். நான்காவதாக, வண்டி சந்திக்கும் மழையும் குளிரும். அகலம் ஐந்தாவது, கையில் இருக்கும் ரிம்முக்கு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லைக்குள் அது இருக்க வேண்டும். மென்மை கடைசி.

இந்த வரிசையில் தேறிய டயரைப் பொருத்திய பின், தடத்தில் 20 பி.எஸ்.ஐ. அருகில் தொடங்கி, ஓட்டத்துக்கு ஓட்டம் ஒன்றிரண்டாகக் குறைத்து நேரத்தை ஒப்பிட வேண்டும். சாலைக்குத் திரும்புமுன் முழு அழுத்தம் நிரப்ப வேண்டும். அதன் பிறகும் சக்கரம் சுழன்றால் பின் அச்சின் எடை, டிராக்ஷன் பார், முதல் கியரின் பூஸ்ட் என்ற ஒழுங்கில் சரிசெய்ய வேண்டும். அவை மூன்றும் முடிந்தும் பிடிப்பு போதாத டிரக்குக்கு மட்டுமே இன்னும் அகலமான டயர் என்ற கேள்வி எழ வேண்டும்.